மறுதாம்பு

பங்குனி இருபத்திரண்டு.
மேற்கே இடி உருண்டதை ஊரில் யாரும் நம்பவில்லை.
ராத்திரி ஒரு மணிக்குத் தகரம் அதிர்ந்தது.
விடிந்தபோது மானூர்க் குளத்துக்கு மேலே
வானம், கழுவிக் கவிழ்த்த சட்டி.

நல்ல மழைதான்.
கோடை உழவுக்கு டிராக்டர் சொல்லி
ஞானமுத்து வீட்டு முன்னே ஏழு பேர்.
என் உளுந்து மட்டும் பூவைக் கொட்டிவிட்டு
வெறுங்காம்பாய் நின்றது.
மழைக்கு ஆள் பார்த்துப் பெய்யத் தெரியாது.
பார்த்தாலும் நான் கடைசியில்தான் வருவேன்.

உளுந்துக்கு மேற்கே சோளக்கட்டை.
தையில் அறுத்தது. காய்ந்து செத்ததென்று விட்டிருந்தேன்.
நாலே நாளில் கணுவுக்குக் கணு
கிளிமூக்கு அளவு பச்சை.

நெல்லறுத்த வயலில் கிடைபோட
உச்சிமாகாளி வந்திருந்தான்.
முந்நூறு உருப்படி, ராத்திரிக்கு அறுநூறு ரூபாய்,
சோறு என் பொறுப்பு.
வயலோ சகதி. சகதியில் படுத்தால் குளம்பு அழுகும்.
பொத்தையடி மேட்டுக்குத் திருப்பினான்.
வழியில் என் சோளம்.

காய்ந்து துளிர்த்தது ஆகாதென்று
அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
கத்திக்கொண்டே இரண்டு பக்கமும் ஓடினோம்.
ரெண்டு மாசம் சருகு தின்ற வாய்க்கு
கம்பு எம்மாத்திரம்?

முதலில் ஒரு சினையாடு கால் பின்னி விழுந்தது.
கருப்பட்டியைக் கரைத்து ஊற்றினோம், நுரையோடு வழிந்தது.
டாக்டர் ஊசியோடு வருவதற்குள் பதினொன்று.
"இடுப்பு உயரம் வளந்துட்டா விஷம் கொறஞ்சிரும்மா" என்றார்.

என் நிலத்தில் அவன் ஆடு: நான் தண்டம் கேட்கலாம்.
என் பயிரால் அவன் ஆடு: அவன் நட்டம் கேட்கலாம்.
பஞ்சாயத்துக்குப் போனால்
மழையை எந்தப் பக்கம் நிறுத்துவார்கள்?

மண்வெட்டி கேட்டான். கொடுத்தேன்.
மண் ஈரமாய் இருந்ததால் குழி சீக்கிரம் முடிந்தது.
அதற்கும் மழைதான்.

மூன்றாம் நாள் வயல் பொருக்குத் தட்டியது.
சாயங்காலம் ஆடுகளை மடக்கி வலை கட்டினான்.
நான் வெளிச்சத்தில் எண்ணவில்லை.
ராத்திரி முழுக்கச் செருமலும் மூத்திர வாடையும்.
காலையில் அறுநூறை நீட்டினேன்.
வாங்கி, மடியை அவிழ்த்து,
இருபதும் இரண்டு ஒற்றை ரூபாயும்
என் கையில் திருப்பி வைத்தான்.
"தலைக்கு ரெண்டு ரூவாதானக்கா பேச்சு."

வேறொன்றும் பேசவில்லை.
ஆடுகளைக் கிழக்கே சுற்றி ஓட்டிப் போனான்.
சோளம் அன்றைக்குக் கணுக்கால் உயரம்.