பதினான்கு சுற்று

விடிகாலை மூன்றே முக்காலுக்கு
புளியந்தோப்பில் ஒரு குறுக்குத் தெரு முனையில்
இரும்பு மூடியைத் தூக்கிவைத்து
குழிக்குள் சாவியை இறக்குவேன்.
சட்டைப்பையில் போடுகிற சாவி இல்லை,
என் தோளுயரம்.
இடப்பக்கம் பதினான்கு சுற்று.
பன்னிரண்டில் நிறுத்தினால் கோடிவீட்டு ஜெசிந்தா
வெறுங்குடத்தோடு சண்டைக்கு வருவாள்.

இருபத்தோரு வருஷம் தண்ணீர் திறந்துவிட்டவனுக்குத்
தாகம் என்றால் என்னவென்று
போன ஆடியில்தான் தெரிந்தது.
ராத்திரி நாலு சொம்பு குடிப்பேன்,
ஐந்து தடவை எழுந்து போவேன்.
பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.
ஸ்டான்லியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.
முந்நூற்றுத் தொண்ணூற்றாறு.

டாக்டர் ஷாகிராபானு
என்ன வேலை என்று கேட்டுவிட்டுச் சொன்னார்:
"உங்க தெருவுல வெள்ளம் நிக்குது, தணிகைவேல்.
வீட்டுக்குள்ள ஒரு குடம் தண்ணி இல்ல."
அதற்குமேல் எனக்குப் படம் தேவைப்படவில்லை.
முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே
லாரித் தண்ணீருக்கு வரிசை கட்டிய ஊர் இது.

ரத்தம் தெரு. சதை வீடு.
சோற்றிலிருந்து இறங்கிய சர்க்கரை
வாசல் வாசலாய் வந்து நிற்கிறது.
இரைப்பைக்குப் பின்னால் படுத்திருக்கும் கணையம்
இன்சுலினை அனுப்பித் திறக்கவைக்க வேண்டும்.
அனுப்பியது. பல வருஷம் இரட்டிப்பாய் அனுப்பியது.
துருவேறிய வால்வு அசையவில்லை.
பிறகு அதற்கும் கை ஓய்ந்துவிட்டது.
மிஞ்சியதெல்லாம் சிறுநீரில் வழிந்து
சாக்கடைக்குப் போகிறது.

கல்லீரல் மேல்நிலைத் தொட்டியாம்.
சாப்பிடாத இரவில் கொஞ்சங் கொஞ்சமாய்க் கீழே விடும்.
"போதும், மூடு" என்று சொல்வதும் இன்சுலின்தான்.
சொல்ல ஆளில்லாவிட்டால்
ஒரு வாய் தின்னாமல் எழுந்த காலையிலும்
தெருவில் மட்டம் ஏறியிருக்கும்.

இப்போது தினம் இரண்டு ஊசி.
தொப்புளைச் சுற்றி இடம் மாற்றி மாற்றி.
ஒரே இடத்தைத் தோண்டினால் என்ன ஆகும் என்று
எங்கள் டிபார்ட்மென்ட்டுக்கா தெரியாது?
புயலில் கரண்ட் போன மூன்று நாளும்
மருந்துப் புட்டி ஈரமணல் பானைக்குள் இருந்தது.
குழியில் இறங்க கம்பூட்ஸ்.
ராத்திரி கண்ணாடியைத் தரையில் வைத்து
உள்ளங்காலைப் பார்க்கிறேன்.
ஐம்பது வயதில் என் குதிகாலோடு முதல் அறிமுகம்.

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால்
கேழ்வரகும் கீரையுமாய் நல்லவன் ஆனேன்.
வெறும்வயிற்று எண் அழகாய் வந்தது.
மூன்று மாதக் கணக்குச் சொல்லும் இன்னொரு சோதனையில்
மைத்துனி கல்யாணத்து ஜாங்கிரிகள்
வரிசையாய் வந்து சாட்சி சொல்லின.
மீட்டரை ஏமாற்றிய எத்தனை வீடுகளைப்
பிடித்துக் கொடுத்தவன் நான்!

ஐப்பசியில் ஒருநாள்
ஊசி போட்டுக்கொண்டு தட்டை இழுக்கும்போது போன்.
பெரம்பூர் பக்கம் மெயின் உடைந்துவிட்டது.
இட்லியை மூடிவைத்துவிட்டுச் சைக்கிள் ஏறினேன்.
மூடுவதற்கு வலப்பக்கம்.
ஏழு. எட்டு. ஒன்பது.
ஒன்பது.
ஒன்பதுக்கு அப்புறம் என்ன?
மழைக்குளிரில் சட்டை வேர்வையில் ஒட்டியது.
கை நடுங்கியது. சாவி இரண்டாய்த் தெரிந்தது.
கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

மீன்கூடையை இறக்கிவைத்த தேசம்மாள்
என் முகத்தை ஒரு தடவைதான் பார்த்தாள்.
டீக்கடைச் சர்க்கரை டப்பாவைப் பிடுங்கிவந்து
தண்ணீரில் கலக்கி
செதில் ஒட்டிய கையால் குடிக்க வைத்தாள்.
ஒரு வருஷமாய் நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த வெள்ளைப் பொடி
கால்மணி நேரம் கழித்து
பத்து என்ற எண்ணைக் கொண்டுவந்து கொடுத்தது.
"ஊசியப் போட்டா துன்னணும்யா, அறிவில்ல?" என்றாள்.
அப்புறம் அரைக்கிலோ சங்கரா என் தலையில் கட்டினாள்.

இப்போது காக்கிப் பையில்
சர்க்கரைப் பொட்டலம் ஒன்று எப்போதும் கிடக்கிறது.
தெருவாரியாய் நீரழுத்தம் எழுதும் நோட்டில்
பின்பக்கம் என் எண்களையும் எழுதிவைக்கிறேன்.
எங்கள் ஜே.இ. எதையும் படிப்பதில்லை.
நேற்று என் நூற்றுப் பதினெட்டுக்குக் கீழேயும்
கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுவிட்டார்.