முதுகு

தெர்னியில் மூன்று ஷிப்டு. மூன்றாவது ஓர்னெல்லாவுடையது.
ஆற்றுக்கு அக்கரையில் எஃகு ஆலை
இரவெல்லாம் தொண்டையைச் செருமும்.
இக்கரையில் நூறு மீட்டர் நீள இயந்திரம்,
ஒரே சீரான மூச்சு.
மூச்சு மாறினால் ஓட வேண்டும்.

குருணை போல வெள்ளை மணிகள்
ஒரு முனையில் உருகும்.
தட்டை வாயிலிருந்து கலங்கலாக இறங்கிக்
குளிர்ந்த உருளையில் முகம் வைக்கும்.
ஒரு மில்லிமீட்டர் தடிமன்.
மந்தமான பிள்ளை, அடித்தாலும் அழாது.

பிறகு இழுப்பு.
நீளவாக்கில் ஐந்து மடங்கு:
முன்னால் ஓடும் உருளை
பின்னால் வருவதற்குக் காத்திருப்பதில்லை,
அவ்வளவுதான் சூட்சுமம்.
அகலவாக்கில் ஒன்பது மடங்கு:
உலைக்குள் இரண்டு சங்கிலி,
ஓரத்தைக் கவ்விய ஆயிரம் கவ்விகள்
ஆளுக்கொரு பக்கம் விலகிப் போகும்.
ஐயொன்பது நாற்பத்தைந்து.
கைக்குட்டை ஒன்று கட்டில் விரிப்பாகிறது.

இழுத்தால் நைந்துபோகும் என்றுதான் நினைத்திருந்தாள்,
வேலைக்குச் சேர்ந்த புதிதில்.
நைவதில்லை.
சிக்குத் தலை சீப்புக்கு இணங்குவதுபோல
உள்ளே சுருண்டு கிடந்ததெல்லாம் நேராகி
அதன்பிறகுதான் பலம். பளபளப்பும்.

ஆனால் உலையின் கடைசி அறையில்
கவ்விகளைச் சற்று உள்ளே வரவிட வேண்டும்,
நூற்றுக்கு ஐந்து, ஆறு.
விட்டுக்கொடுக்காமல் வெளியே அனுப்பினால்
பேசாமல் போகும், பேசாமல் சுற்றிக்கொள்ளும்,
என்றாவது சூடு பட்டதும்
பழைய அளவைத் தேடிச் சுருங்கும்.
இதை இவானோவிடம் ஒருமுறை சொன்னாள்.
“தூங்க விடு” என்றான்.

மூன்று பத்துக்கு மூச்சு மாறியது.
படலம் கிழிந்து
உலைவாயில் வெள்ளைக் குப்பையாய்ப் பொங்கி நிற்க
லொரிஸும் அவளும் கையுறையோடு அள்ளினார்கள்.
கிழிசலின் தொடக்கத்தைத் தேடிப் பிடித்தாள்:
கடுகில் பாதி. உருகாமல் வந்த ஒரே ஒரு துளி.
ஆலைப் பேச்சில் அதற்கு மீன்கண் என்று பெயர்.
எல்லாம் இழுபட்டபோது
தான் மட்டும் இழுபட மாட்டேன் என்றிருக்கிறது.
அவளுக்கு அதன்மேல் கோபம் வரவில்லை.
படிவத்தில் எழுதினாள்: காரணம், மீன்கண்.
நாற்பது நிமிடம் நஷ்டம்.

சனிக்கிழமை இவானோ பெட்டிகளோடு வந்தான்.
யாருக்கு எது என்பதில் இழுபறி இல்லை,
அதெல்லாம் வக்கீல் மேஜையில் முடிந்தாயிற்று.
காப்பி மெஷின் அவனுக்கு.
நாய் யாருக்கும் இல்லை, அது போன வருஷமே போய்விட்டது.
டேப்பின் நுனி கிடைக்காமல்
நகத்தால் சுற்றிச் சுற்றித் தடவினான்,
கிடைத்ததும் கோணலாய் நூலாய்க் கிழிந்து வந்தது.
“எட்டு வருஷமாக இதைத்தானே செய்கிறாய்,
நுனி தெரியும்படி செய்யக் கூடாதா?”
“பசை பூசுவது வேறு ஊரில்” என்றாள்.
“நாங்கள் முதுகு மட்டும்.”

அவன் மடல்களை அழுத்திப் பிடிக்க
அவள் இழுத்தாள். வீடே கிழிவதுபோல் சத்தம்.
ஜன்னல் வெளிச்சத்தில்
டேப்புக்குள் ஒரு மீன்கண் அவளைப் பார்த்தது.
எங்கள் ஆலையா, எவருடையதோ.
எந்த இரவோ தப்பி வந்திருக்கிறது
கிழியாமல், கிழிக்காமல்.
கட்டை விரலால் நீவி ஒட்டினாள்.
ஒட்டுகிற முகம் எப்போதும் பெட்டிக்குத்தான்.

பத்தொன்பது பெட்டி. லிஃப்ட் வேலை செய்யவில்லை.
தட்டுகள் இருந்த கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
அவன் படியிறங்கினான்.
சட்டையின் பின்புறம் நனைந்து
தோளெலும்பு இரண்டும் தெரிந்தன.
அந்தப் பெட்டிக்கு அடியில்
ஒரு சுற்றுத்தான் டேப் ஓட்டியிருந்தது
அப்போதுதான் ஞாபகம் வந்தது அவளுக்கு.
கைப்பிடிச் சுவரில் எக்கிக் கத்தினாள்:
“அடியைப் பிடி, இவானோ.
அடியைப் பிடி.”