பார்க்க மூவாயிரத்து எண்ணூறு

பெல்ற் ஒன்றுக்கு மூவாயிரத்து எண்ணூறு.
எங்களிடம் ஐந்து.
வவுனியாவிலிருந்து வந்துபோக ஆறாயிரம்,
ஒரு பெல்ற் என்றாலும் ஆறாயிரம்தான்.
பழுதென்று சொன்னாலும் காசு காசுதான்.
ஆறு மாதத்துக்கு ஒருக்கால்.

இதைச் செய்யாவிட்டால் மின்சார சபை
கம்பியோரத்துக் கொப்பு ஒன்றையும் எங்களிடம் தராது.
ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது.
வாசித்துத்தான் கையொப்பம் வைத்தேன்.

மாங்குளம் சந்தியிலிருந்து ஒட்டுசுட்டான் றோட்டில்
இரண்டாம் கட்டை தாண்டி எங்கள் கொட்டில்.
மரத்தில் ஏறுகிறவர்கள் நாலு பேர்.
ஏறாதவள் நான்: கணக்கு, தொலைபேசி,
தேத்தண்ணி, வங்கிக் கடன்.

நௌஷாட் பத்து மணிக்கு வந்தார்.
சாக்கை விரித்து
மீன்கடை மாதிரி எல்லாவற்றையும் பரப்பினோம்.
ஹெல்மெற்றை வெயிலுக்கு நேரே பிடித்து வெடிப்புத் தேடினார்.
கொக்கிகளைக் காதோரம் வைத்துத்
திறந்து திறந்து மூடினார்.
கயிற்றைக் கைக்குள்ளால் இழுத்தார்,
முழம் முழமாக, கண்ணை மூடிக்கொண்டு.
கமலரூபன் என் பக்கம் குனிந்து,
"கண்ணை மூடிப் பாக்கிறதுக்கு
இவ்வளவு காசோ அக்கா?" என்றான்.
எனக்கும் அந்தக் கேள்விதான். நான் கேட்கவில்லை.
மூவாயிரத்து எண்ணூறுக்கு
ஒரு ஆள் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை
வாகையில் தொங்கி நின்று வெட்டுவான்.

நாங்கள் பயந்தது இன்பசீலனின் பெல்ற்றுக்கு.
ஏழு வருசப் பழசு,
நிறம் வெளிறி, வியர்வை காய்ந்து உப்புப் பூத்தது.
அது தேறியது. பச்சை ஸ்ரிக்கர் ஒட்டினார்.

விழுந்தது புதுசு.
தை மாதம் கடனில் வாங்கியது,
இன்னும் ஏழு தவணை மிச்சம்.
தொடைவாரின் தையலில்
பெருவிரல் நகத்தால் ஒரு உரஞ்சல்.
நூல் மாவாய்ச் சாக்கில் கொட்டியது.
"எங்கை வைச்சிருந்தனீங்கள்?"

பின்மூலையில்.
எலி எட்டாத இடமென்று
நான்தான் கொழுவினேன்.
கீழே பழைய ட்ரக்டர் பற்றரி, மூடியில்லாமல்.
அசிட் ஆவியாய் ஏறும், கண்ணுக்குத் தெரியாது என்றார்.
சொல்லிக்கொண்டே கத்தியை எடுத்து
வாரை இரண்டு இடத்தில் அறுத்தார்.
அறுக்காமல் விட்டால்
யாராவது திரும்பவும் கட்டிக்கொண்டு ஏறுவார்களாம்.
அவருக்குத் தெரிந்திருக்கிறது எங்களை.
நாற்பத்திரண்டாயிரம் அறுபடுகிற சத்தம்
அப்படியொன்றும் பெரிதில்லை.

அடுத்த நாள் அந்தப் பெல்ற்றோடு
ரூபன் ஏற இருந்தது
ஒலுமடுவில் பள்ளிக்கூடத்துப் பாலை.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
எழும்பிப் போய்ப் பற்றரியைத் தூக்கி
வேலிக்கு வெளியே வைத்துவிட்டு
சவுக்காரம் போட்டு
நெடுநேரம் கை கழுவினான்.
அதற்குப் பிறகு அவன் விலை கேட்கவில்லை.
நானும் கணக்குக் கொப்பியை
அன்றைக்குத் திறக்கவில்லை.

மரத்தைச் சோதிக்க ஒருத்தரும் வருவதில்லை.
போன வருசம் முரசுமோட்டையில்
ஒரு வேம்புக்குள் இரும்பிருந்தது,
உள்ளங்கை அகலத் துண்டு.
வாளின் செயின் அறுந்து
ஹெல்மெற்றில் பட்டுத் தெறித்தது.
உள்ளே எப்போது புகுந்ததென்று
ஊரில் எல்லோருக்கும் தெரியும்.
மரம் அதைச் சுற்றி வளர்ந்து
பட்டையால் மூடியிருந்தது.
இப்போது ஏறமுன்
ரூபன் அடிமரத்தைத் தட்டித் தட்டிக் கேட்கிறான்.
அதற்குக் காசில்லை. அதில் ஒன்றும் கேட்பதுமில்லை.

பாலையை வெட்டி முடித்தோம்,
இன்பசீலனின் பெல்ற்றை மாறி மாறிக் கட்டி,
ஒரு நாள் வேலை இரண்டு நாளாக.
பள்ளிக்கூடத்துக்குச் சிட்டை எழுதும்போது
கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்:
பாதுகாப்புப் பரிசோதனை, ஆயிரத்து ஐந்நூறு.

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார்.
"பிள்ளை, ஒருத்தரும் விழேல்லைத்தானே?"
"இல்லை சேர்."
"பிறகென்ன."

சிவப்புப் பேனையால் அந்த வரியை வெட்டினார்.
அடிமட்டம் வைத்துத்தான் வெட்டினார்.