கார்டில் இல்லாத ஐம்பது

முதலில் சத்தம்தான் மாறியது.
நேற்றுவரை குச்சித் தீவனம்.
ஐயாயிரம் அலகும் ஒன்றாய்க் கொத்தினால்
தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி
பேளூர் ரோடு வரைக்கும் கேட்கும்.
இன்று மாவு.
ஷெட்டுக்குள் யாரோ மணல் சலிக்கிறார்கள்.

மூட்டை பிரித்ததும் புளித்த வாசம்.
தெரிந்த வாசம்தான். திப்பி.
தையில் நான் பிடுங்கி ஏற்றிவிட்ட கிழங்கு
சேகோ மில்லில் மாவெல்லாம் கொடுத்துவிட்டுச்
சக்கையாய் என்னிடமே வந்திருக்கிறது.
அப்போதும் பாயிண்ட் குறைவென்று பிடித்துக்கொண்டார்கள்.

"மக்காச்சோளம் வெல ஏறிப்போச்சுக்கா,
குச்சி போடுற மெஷின்லயும் டை உடஞ்சுபோச்சு.
அதே சத்துதான், பொடியா இருக்கு, அவ்ளோதான்"
என்றார் சூப்பர்வைசர் தவசீலன்
பைக்கிலிருந்து இறங்காமலே.

கோழிக்கு யார் சொல்வது.
குச்சியென்றால் பத்துக் கொத்து, ஒரு மிடறு தண்ணீர்,
படுத்துவிடும். படுத்தால்தான் கறி.
மாவுக்கு நாளெல்லாம் நிற்கிறது,
பொறுக்குகிறது, உதறுகிறது,
அலகில் அப்பியதைக் கழுவ நிப்பிளுக்கு ஓடுகிறது.
தின்றதில் பாதி நின்றதற்கே செலவு.
கீழே தேங்காய் நார் ஈரமாகி
ராத்திரியில் எனக்குக் கண் எரிகிறது.

பழைய மூட்டை மூன்று மிச்சமிருந்தது.
மூலையில் வலை கட்டிக்
கைக்கு வந்த ஐம்பதை உள்ளே விட்டேன்.
பொறுக்கி எடுக்கவில்லை, சத்தியமாய்.
நொண்டி ஒன்றும் அதில் இருந்தது.

முப்பத்தைந்தாம் நாள் தராசு.
வெளியே இருந்தது ஒன்று அறுநூற்று நாற்பது.
வலைக்குள் ஒன்று தொள்ளாயிரம்.
தவசீலன் இரண்டு தடவை நிறுத்தார்.
வாளியை மாற்றி மூன்றாவது தடவையும்.
பிறகு சேர்வராயன் மலைமேல் மேகத்தைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
கார்டில் எழுதினார்:
எடை குறைவு. பராமரிப்பு போதாது.

அந்த ஐம்பது?
"அதுக்குக் கட்டம் இல்லக்கா."

ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி.
வலையை அவிழ்த்தேன். எல்லாம் கலந்துபோனது.
கூலியில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைக்
கூண்டு எண்ணும்போதே கணக்குப் போட்டாயிற்று.
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
கம்பிக்கு வெளியே நீட்டிய கால்களெல்லாம்
கிழங்குத் தோல் உரித்தாற்போல் வெளுத்திருக்க,
அங்கொன்றும் இங்கொன்றுமாய்
மக்காச்சோளம் தின்ற மஞ்சள் கால்.

நொண்டியினுடையதும் தெரிந்தது.