வழக்குச் சொத்து எண் 41

ஒத்தக்கடை ஸ்டேஷன் பின்புறம்
பிடிபட்ட மணல் வண்டிகளுக்கும்
நம்பர் இல்லாத பைக்குகளுக்கும் நடுவே
ஆறு வருஷம்
ஒரு டயருக்குக் காவல் இருந்தேன்.

ரிம்மோடு கிடந்தது.
பத்துத் துளை. அதில் நான்கு
முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தன.
லூசான நட்டு எத்தனை நாள் ஆடியிருக்கும் என்று
விரலை விட்டுப் பார்த்தாலே தெரியும்.
பார்த்தேன். ஏட்டு பார்த்ததெல்லாம்
சாட்சியம் ஆகாது.

கிரானைட் லாரி. வலப்பக்கம்,
பின்னால் ஜோடியில் வெளிச்சக்கரம்.
மேலூரிலிருந்து வருகையில், விடியக்காலை நாலே கால்.
கழன்றது தெரியாமல் லாரி
மாட்டுத்தாவணி வரை போயிருக்கிறது.
சக்கரம் மட்டும் தனியாக
விளக்கில்லாமல் ஹாரன் இல்லாமல்
ஹைகோர்ட் வாசலைக் கடந்து உருண்டு
நடுத்திட்டில் ஏறித் துள்ளி
எதிரே வந்த எக்ஸ்எல் மேல் விழுந்தது.

எக்ஸ்எல்லில் மைக்செட் அய்யங்காளை.
நரசிங்கம்பட்டியில் ஒரு சடங்கு வீடு,
விடியுமுன் குழாய் கட்டியாக வேண்டும்.
பின்னால் வைத்திருந்த குழாய் ஸ்பீக்கர்
ஒரு பக்கம் நசுங்கி என் கைக்கு வந்தது.
அது எண் 42.

டிரைவர் செல்லப்பாண்டி:
முதல் நாள்தான் ஜபருல்லா கடையில் பஞ்சர் பார்த்தது, கேளுங்க.
ஜபருல்லா:
ஐம்பது கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தி
நட்டை மறுபடி முறுக்கச் சொன்னேன்,
தலையாட்டிட்டுத்தான் போனார்.
முதலாளி:
எனக்கு நட்டும் தெரியாது போல்ட்டும் தெரியாது,
நான் டியூ கட்டுறவன்.

இன்சூரன்ஸ் வக்கீல் மெதுவாக எழுந்தார்.
நாங்கள் காப்பீடு செய்தது வாகனத்தை.
கழன்ற நொடியில் அது வாகனத்தின் பகுதி இல்லை.
அதற்கு ஆர்சி உண்டா? நம்பர் பிளேட் உண்டா?
பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.
பஞ்சவர்ணம் புடவைத் தலைப்பை
விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

ஒருமுறை டயரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு
மாவட்டக் கோர்ட்டுக்குப் போனேன்.
இருநூற்றைம்பது ரூபாய், என் கைக்காசு.
போட்டோ போதும், திருப்பிக் கொண்டு போங்கள் என்றார்கள்.

அந்த ஐப்பசியில்
கொசு ஒழிப்புக்காரர்கள் ஸ்டேஷனுக்கு வந்தார்கள்.
டயரில் தண்ணீர், தண்ணீரில் புழு.
இதுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார் சூப்பர்வைசர்.
அரசு, கோர்ட், லாரி ஓனர் என
எனக்குள் மூன்று பதில் ஓடின.
நோட்டீஸில் என் பெயரை எழுதிக்கொண்டார்.
கேட்டு ஒரு நிமிஷம் ஆகவில்லை,
ஒரு டயருக்கு ஆள் கிடைத்துவிட்டான்.

தீர்ப்பு நாளில்
அம்மா தாளைப் பார்க்காமலே சொன்னார்:
ஓடுகிற லாரியில் சக்கரம் தானாகக் கழலாது.
கழன்றது என்பதே சாட்சி.
கவனமாக இருந்தோம் என்று காட்ட வேண்டியது நீங்கள்.
காட்டவில்லை.

பதினெட்டு லட்சத்துச் சொச்சம், வட்டி ஏழரை.
கம்பெனி அப்பீல் போனது.
போன இடம் அதே ஹைகோர்ட்,
அதே வாசல்.

பிறகு ஓர் உத்தரவு:
சொத்துகளை உரியவர்களிடம் ஒப்படைக்கவும்.
முதலாளி காரில் வந்து இறங்கினார்.
காலால் தட்டிப் பார்த்தார். ரிம் தேறும் என்றார்.
'எனக்குச் சொந்தமான மேற்படி டயரைப்
பெற்றுக்கொண்டேன்'
என்ற வரிக்குக் கீழே
தயங்காமல் கையெழுத்துப் போட்டார்.
ஆறு வருஷத்தில் அவர் தந்த
ஒரே ஒப்புதல்.

எண் 42ஐ
பஸ் ஸ்டாப் வரை நானே தூக்கி வந்தேன்.
டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை,
லக்கேஜுக்கு உண்டு.
படியில் நின்ற கண்டக்டர்
நசுங்கிய குழாயைக் காட்டி
யாரோடது இது என்றார்.

எங்களது, என்றாள் பஞ்சவர்ணம்.
காசை எண்ணிக் கொடுத்தாள்.