பக்கம் பதினொன்று

செக்காலை ரோட்டில், மாடியில்,
பல் டாக்டருக்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கும் நடுவே
எங்கள் அறை.
இரண்டு நாற்காலி, ஒரே உயரம்.
பொம்மை கிடையாது. சுவரில் படம் கிடையாது.
கேமராவைக் காட்டிச் சொன்னேன்:
எனக்கு மறதி உண்டு, அதற்கு இல்லை.

அவள் பெயரை இங்கேயும் எழுத மாட்டேன்.
ஏழு வயது. புதுவயல். காலில் ஒற்றைக் கொலுசு.

முதலில் விதிகள்.
தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம்.
நான் தப்பாய்ச் சொன்னால் திருத்தலாம்.
பழகிப் பார்க்க ஒரு கேள்வி:
என் பூனையின் பெயர் என்ன?
"தெரியாது" என்று சிரித்தாள்,
அந்த விடைக்கு மார்க் கிடைப்பது
அவளுக்குப் புதிது.

ரைஸ்மில்லைப் பற்றிப் பேசினாள்.
மாடியில் காயப்போட்ட யூனிஃபார்மில்
உமிக்கரி வந்து அப்பியதைப் பற்றி.
"அன்னைக்கு நெறைய கரி பறந்துச்சு."
தேதி தெரியாத குழந்தைக்கு அதுதான் தேதி.
மில் எந்தெந்த நாள் ஓடியது என்று
எஸ்.ஐ. அழகம்மை பிறகு போய்
எழுதி வாங்கி வருவார்.

அப்புறம்?
அவ்வளவுதான் நான் கேட்டது.
இந்த ஒரு சொல்லை
இத்தனை வருடமாய்த் தேய்த்துத் தேய்த்து
முனையே இல்லாமல் வைத்திருக்கிறேன்.
அது யாரையும் எந்தப் பக்கமும் தள்ளாது.

நிறுத்திவிட்டாள்.
கீழே திருப்பத்தூர் பஸ் ஹாரன் அடித்துப் போனது.
கதவிடுக்கில் ஒரு சீட்டு உள்ளே நழுவியது.
குனியவில்லை. படிக்காமலே தெரியும்:
ஆள் யாருன்னு கேளுங்க மேடம்.

பெயர் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
அவள் மட்டும் இன்னும் சொல்லவில்லை.
என் வாயிலிருந்து விழுந்தால்
அது நான் கொடுத்த பெயர்.
சிவகங்கையில் எதிர்த்தரப்பு வக்கீல்
பொறுமையாய்ப் பொறுக்கி எடுத்து
மேஜைமேல் வைப்பார்.

ஒரு நிமிடம் நாற்பது வினாடி.
பதிவில் அது வெறும் ஃபேன் சத்தம்.
என் நாக்கு பல்லுக்குப் பின்னால்
கட்டிப்போட்ட கன்று.

பிறகு சொன்னாள்.
அதை இங்கே வைக்க மாட்டேன்.
முதலில் அவளுடையது,
அப்புறம் கோர்ட்டுடையது,
கவிதைக்கு அதில் பங்கில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்:
"பூனை பேரு என்ன?"
பெயர் இல்லை. பக்கத்து வீட்டுப் பூனை,
பாலுக்கு மட்டும் வரும் என்றேன்.

"அப்ப உங்க பூனைன்னு சொன்னது தப்பு."

தப்புதான்.
ராத்திரி அதையும் தட்டச்சு செய்தேன்.
பக்கம் பதினொன்று,
கீழிருந்து மூன்றாவது வரி.