சாக்பீஸில் ஒரு சொல்

ஜெகதேவி ரோட்டில், பர்கூர் போகும் வழியில்
எங்கள் கிரானைட் பட்டறை.
மாதம் முப்பது நாற்பது கல்லறைக் கல் போகும்.
செத்தவர்கள் எல்லோரும் குளிர்நாட்டு ஆட்கள்.
பெயரை வாய்விட்டுப் படித்தால் நாக்கு சுளுக்கும்.
நான் படிப்பதில்லை.
கம்ப்யூட்டரில் வைத்து, அளவு பார்த்து, வெட்ட அனுப்புவேன்.

இவரைப் படிக்கும்படி ஆகிவிட்டது.
ஜெனோன் வ்ருபெல். போலந்து. சிரிப்பு நடிகர்.
கல்லில் எந்த முகத்தைப் பொறிப்பது என்று
மகளுக்கே தெரியவில்லை.
பதினேழு போட்டோவும் இரண்டு பக்க வாழ்க்கையும் அனுப்பி
நீங்களே எடுங்கள் என்றாள்.
ஆங்கிலம் அவளுக்கும் இரவல், எனக்கும் இரவல்.

அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில்.
பையன் பள்ளி நாடகத்தில் பிணமாகப் படுத்து
நடுவில் தும்மினான்.
தொழில் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அறுபத்தியொரு படம், ஒன்றிலும் கதாநாயகன் இல்லை.
வெயிட்டர், தபால்காரர், மாடி வீட்டில் குடியிருப்பவர்,
வரிசையில் கடைசி ஆள்.
அவர் முறை வரும்போது கடையைச் சாத்துவார்கள்.
ஊரே சிரித்ததாம்.
ஊரே அப்போது வரிசையில்தான் நின்றதாம்.
பாமாயில் தீர்ந்துபோச்சு என்று
ஷட்டரை இறக்கிய கையை நானும் பார்த்திருக்கிறேன்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை அன்றைக்கு.

ராணுவம் தெருவில் இறங்கிய குளிர்காலத்தில்
தியேட்டரைப் பூட்டினார்கள்.
சமையலறைகளில் நடித்தார், பன்னிரண்டு பேருக்கு.
பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல்
சிரிக்கப் பழகிக்கொண்டார்கள் பார்த்தவர்கள்.
கடைசியில் ஒரு சாசேஜ் விளம்பரம்.
சொந்த வீடு அந்தக் காசில்தான்.

நைட் ஷிப்டில் போனில் தேடி எடுத்தேன்.
கறுப்பு வெள்ளை. மாடிப்படி. கையில் முட்டைத் தட்டு.
விழுகிறார். எழுந்து, தொப்பியைத் தட்டி,
உடையாத ஒரு முட்டையைப் படிக்கே திருப்பிக் கொடுக்கிறார்.
கட்டிங் மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்த பாபாஜான்
"விழுறதை யாரு வேணா செய்வாங்க மேடம்.
இந்த ஆளு எழுந்திரிக்கிறதைப் பாருங்க" என்றார்.
ஏழு தடவை போடச் சொன்னார்.

ஒரு புருவம் மட்டும் தூக்கிய போட்டோவை எடுத்தேன்.
கறுப்புக் கல்லில் வெளிச்சத்தைத்தான் பொறிக்க வேண்டும்,
இருட்டு கல்லிலேயே இருக்கிறது.
நாலரை மணி நேரம், புள்ளி புள்ளியாக
லேசரில் வந்தார்.

பிறகு, எந்த நாட்டுக் கண்டெய்னர் என்று தெரிய
சாக்பீஸால் கல்லின் தலையில் எழுதினேன்,
ஆங்கிலத்தில், போலிஷ் என்று.

காலை ஷிப்டுக்கு வந்த முனிரத்தினம்
அதை பாலிஷ் என்று படித்தார்.
எழுத்துக்கூட்டில் ஒரு வித்தியாசமும் இல்லையே.
இருபது வருஷ அனுபவம் வேறு.
ஆறு கிரேடு கல் போட்டு, தண்ணீர் விட்டு,
கண்ணாடி மாதிரி ஆக்கினார்.
பெயர் ஆழமான வெட்டு, நின்றது.
முகம் மேலோட்டம். போய்விட்டது.

முதலாளி சிரிக்கவில்லை.
முனிரத்தினத்துக்கு அரை மாதச் சம்பளம் பிடித்தம்,
எனக்கு ஒரு வாரம்.

மகளுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன்.
மூன்று நாள் பதில் இல்லை.
நாலாம் நாள்:
"அப்பாவுக்குத் தெரிந்திருந்தால்
இன்னொரு முறை செய்து காட்டச் சொல்லியிருப்பார்.
செய்யுங்கள். செலவு உங்களுடையது."

அடுத்த கல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.
இந்தக் கல் இங்கேயே, டீ கேன் பக்கத்தில்,
சுவரில் சாய்ந்து நிற்கிறது,
பெயரோடு, இரண்டு வருஷத்தோடு,
நடுவில் பளபளவென்று ஒன்றுமில்லாமல்.

ஐந்தரை மணிக்கு சைரன்.
முனிரத்தினம் கைகால் கழுவி வந்து
அதன் முன் குந்தி
சீப்பெடுத்துத் தலை வாருகிறார்.
வகிடு சரியாக வரவில்லை போல,
ஒரு புருவத்தைத் தூக்கி
மறுபடி வாருகிறார்.